நிலத்தை விற்குமுன் மெடிக்கலுக்குப் போங்கள்: ஏர்லைனுக்கு மாற நினைக்கும் ஹெலிகாப்டர் விமானிகளுக்கு

வாலாஜாபேட்டைக்காரர் ஒருவர் சோளிங்கர் பக்கம் இருந்த நிலத்தை விற்று, வந்த பணத்தில் பாதியை ஒரு ஏஜென்ட்டிடம் கட்டிவிட்டார். அதற்கப்புறம் என்னிடம் யோசனை கேட்க வந்தார். ராணுவத்தில் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டியவர், லடாக்கில் பனிமலை மேட்டில் இறக்கி ஏற்றியவர். வயது 47. ஏஜென்ட் அவரிடம் சொன்னது இதுதான்: "உங்க ஹெலிகாப்டர் அவர்ஸ் எல்லாத்தையும் அப்படியே ஏத்திக்கலாம் சார். ஆறே மாசம், ஏர்பஸ்ல உட்காந்துடுவீங்க."

பணத்தைக் கொடுத்துவிட்டு யோசனை கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கொடுக்கும் முன் ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?

நம் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதில் ஆச்சரியம் இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். அரக்கோணத்தில் 1992 மார்ச் முதல் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. கடற்படை தன் ஹெலிகாப்டர் விமானிகளைப் பழக்குவது அங்கேதான். நானும் அங்கே சேத்தக் ஹெலிகாப்டரில் கற்றவன். படையை விட்டு வந்தபின் விமானத்துக்கு மாறினேன். இப்போது சிமுலேட்டரில் புதிதாகச் சேர்பவர்களைப் பழக்குவதும் சோதிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. ஆகவே "முடியாது" என்று சொல்லும் ஆள் நானில்லை. நாற்பதைத் தாண்டியும் மாறலாம், மாறியவர்கள் இருக்கிறார்கள். யாரும் ஆறு மாதத்தில் மாறவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது, "அவர்ஸ் ஏத்திக்கலாம்", அதாவது ஹெலிகாப்டரில் பறந்த மணி நேரத்தை விமான உரிமத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம், என்கிற இந்த ஒரு வாக்கியம். திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஹெலிகாப்டர் உரிமம் வேறு, விமான உரிமம் வேறு. இரண்டையும் தருவது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏதான், ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறாது. விமானத்துக்கான கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு அடிப்படைத் தேவை 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத நெடும்பயணம் ஒன்று, இரவுப் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல் என்று உள்கணக்கு தனியாக இருக்கிறது. இவற்றை முடிக்க, இறக்கை உள்ள விமானத்தில் நீங்கள் உட்கார்ந்தே ஆக வேண்டும். லடாக்கில் எத்தனை முறை இறக்கினீர்கள் என்று அந்தக் கட்டங்களில் யாரும் கேட்கப் போவதில்லை. காட்பாடி-அரக்கோணம் ரயில் சீசன் டிக்கெட்டைக் காட்டி டவுன் பஸ்ஸில் ஏற முடியுமா?

பழைய மணிகளுக்கு ஏதாவது சலுகை உண்டா என்பது அடுத்த கேள்வி. கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஏஜென்ட்டிடம் வேண்டாம், டிஜிசிஏயிடம் கேளுங்கள். உங்கள் லாக்புக் (பறந்த மணி நேரத்தை எழுதும் பதிவேடு) விவரத்தோடு எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். போன வருடம் நண்பருக்குச் சொன்னது இந்த வருடம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். சலுகை கிடைத்தாலும் அது உரிமம் வாங்கும் வரைக்கும்தான். அப்புறம் ஏர்லைன் தேர்வு அறையில் லாக்புக்கைப் புரட்டுகிறவர், விமானத்தில் எவ்வளவு, இரட்டை எஞ்சினில் எவ்வளவு, அந்த ரக விமானத்தில் எவ்வளவு என்றுதான் பார்ப்பார். மூவாயிரம் மணி நேரம் ஹெலிகாப்டர் ஓட்டியவர் அந்த அறையில் இருபத்திரண்டு வயதுப் பையனோடு ஒரே வரிசையில் நிற்பார். கசக்கிறதா? கசக்கட்டும், இப்போதே கசந்தால் நல்லது.

இன்னொரு குழப்பம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் விமானிகளை ஏர்லைன்காரர்களே செலவு செய்து மாற்றிக்கொள்கிறார்களாம் என்று வீடியோ சுற்றுகிறது. பொய் இல்லை, நடந்ததுதான். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரருகே ஒரு கியூ400 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால் 2013 முதல் துணை விமானிக்கும் 1500 மணி நேரம் தேவை என்று ஆனது. படையில் பழகியவர்களுக்கு மட்டும் அது 750. விமானிகளுக்குத் தட்டுப்பாடு வரவே, சிறிய ஏர்லைன்கள் ராணுவ ஹெலிகாப்டர் விமானிகள் பக்கம் திரும்பின. அங்கே ஹெலிகாப்டர் நேரம் மொத்தக் கணக்கில் சேரும். ஆனால் அதிலும் 250 மணி நேரம் விமானத்தில் பொறுப்பு விமானியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வீடியோவில் அதைச் சொல்வதில்லை. அங்கே வேலை செய்யும் உரிமை, அங்குள்ள லைசென்ஸ் எல்லாம் வேண்டும் என்பதையும் சொல்வதில்லை. நம் ஊரில் பயிற்சிச் செலவு அரை கோடியைத் தொடும். அதற்கு மேல் ஏர்பஸ்ஸுக்கோ ஏடிஆருக்கோ டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி, எடுக்கப் பல லட்சம். பெரும்பாலும் உங்கள் பணம்தான்.

சரி, மணிக் கணக்கை விடுங்கள். கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஹெலிகாப்டரில் பொறுப்பு விமானி வலது பக்கம் உட்காருவார். வலது கையில் திசை திருப்பும் சைக்ளிக், இடது கையில் ஏற்றி இறக்கும் கலெக்டிவ். ஏர்பஸ்ஸில் துணை விமானிக்கும் வலது இருக்கைதான். வலது கையில் விமானத்தைத் திருப்பும் சைட்ஸ்டிக், இடது கையில் எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர். பழக்கப்பட்ட இடம் என்று உட்கார்ந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அங்கேதான் வில்லங்கம். கலெக்டிவை மேலே இழுத்தால் சக்தி. த்ரஸ்ட் லீவரை முன்னே தள்ளினால் சக்தி. சாதாரண நேரத்தில் யாரும் தடுமாறுவதில்லை. சிமுலேட்டரில் ஓடுபாதை நெருங்கும்போது "கோ அரவுண்ட்", அதாவது இறங்காமல் மறுபடி மேலே போ, என்று திடீரென்று சொல்வேன். இருபது வருடப் பழக்கம் உள்ள அந்த இடது கை, மூளை சொல்லுமுன் பின்பக்கம் ஒரு துளி அசையும். ஒரு விரல் அகலம்தான் இருக்கும், ஆனால் அது சக்தியைக் குறைக்கும் திசை. அந்த ஆளே கவனித்திருக்க மாட்டார். பின்னால் இருந்து பார்க்கிற எனக்குத் தெரியும்.

அடுத்தது எஞ்சின். சேத்தக், சீட்டாவில் எஞ்சின் எப்போதும் ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். கலெக்டிவை இழுத்த மாத்திரத்தில் பலன் தெரியும். ஜெட் எஞ்சின் அப்படி இல்லை. ஐடிலில், அதாவது குறைந்தபட்சச் சக்தியில், கிடப்பது எழுந்து வர நேரம் எடுக்கும், விதிக்கணக்கில் 8 வினாடி வரை போகலாம். நிமிடத்துக்கு 700 அடி இறங்கும் விமானம் அதற்குள் 90 அடிக்கு மேல் இறங்கியிருக்கும். ஹெலிகாப்டர்காரர்கள் கடைசி நேரத்தில் திருத்திக்கொள்வதில் மன்னர்கள். அந்தத் திறமையைத்தான் இங்கே முதலில் கழற்றி வைக்க வேண்டும். 1000 அடியில் எல்லாம் சரியாக இல்லையென்றால் திரும்ப மேலே போ, அவ்வளவுதான் இங்கே விதி. சாமர்த்தியம் காட்டினால் பாராட்டு கிடைக்காது, விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

வேகம் குறைவதைப் பற்றிய பயமும் அப்படித்தான். நமக்கு வேகம் குறைவது இயல்பு, கடைசியில் அந்தரத்தில் நின்றே பழகியவர்கள். விமானத்தில் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இறக்கை தூக்காது. அப்போது மூக்கைத் தாழ்த்த வேண்டும். பஃபலோ விபத்தில் கேப்டன் எச்சரிக்கை வந்தபின் கட்டுப்பாட்டைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்கினார். அவர் விமானத்திலேயே வளர்ந்தவர். நம்மைப் போன்ற கலப்பு ஆட்களுக்கு இன்னும் எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று யோசியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியவை. முதலில் மெடிக்கல். பணம், பயிற்சிப் பள்ளி, ஏஜென்ட் எல்லாம் அதற்கப்புறம். நாற்பதுக்கு மேல் கிளாஸ் 1 மெடிக்கலில் (தொழில்முறை விமானிக்கான உடல்தகுதிச் சோதனை) ஹெலிகாப்டர்காரர்களை மடக்குவது பெரும்பாலும் இரண்டு: காது, முதுகு. வருடக்கணக்கில் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்ததில் உயர்ந்த ஒலி கேட்கும் திறன் தேய்ந்திருக்கும். வீட்டில் மனைவி கூப்பிட்டுக் காதில் விழவில்லை என்றால் எல்லாரும் சிரிக்கிறோம். காதுச் சோதனையான ஆடியோகிராம் சிரிக்காது. முதுகு அதிர்வினாலும் சாய்ந்து உட்கார்ந்த பழக்கத்தாலும் கெட்டிருக்கும். கூடவே சர்க்கரை, பிரஷர். பெங்களூருக்கோ வேறு அங்கீகரித்த மையத்துக்கோ போகுமுன், நம்மூர் ஆஸ்பத்திரியிலேயே ஒரு முறை காது, ஈசிஜி, சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். வேலூரில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரி இல்லை என்று சொல்ல வேண்டாம். மாத்திரை சாப்பிடுவதை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், மாத்திரையால் போகாத லைசென்ஸ் பொய்யால் போகும். ஏற்கெனவே சிவில் ஹெலிகாப்டர் ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் கிளாஸ் 1 இருக்கும். அவருக்கு இந்த அத்தியாயம் பாதி முடிந்த மாதிரி.

அடுத்து வயதுக் கணக்கு, கால்குலேட்டரை வைத்துக்கொண்டு. ஏர்லைனில் 65 வரை பறக்கலாம். 47-ல் தொடங்கினால் தேர்வுகள், பறத்தல், டைப் ரேட்டிங், வேலைக்குக் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து 50 ஆகிவிடும். தேர்வுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. நேவிகேஷன், வானிலை, ரெகுலேஷன், டெக்னிகல் என்று ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் வேண்டும். முப்பது வருடம் கழித்துப் பேனா பிடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. ஏர்லைன்களே ஆளெடுத்துப் பழக்கும் பல கேடட் திட்டங்களின் வயது வரம்பு முப்பதுகளிலேயே முடிந்துவிடும், ஆகவே அந்தக் கதவை மறந்துவிடுங்கள். கடன் வாங்கினால், 60-க்குள் அடையுமா என்று பாருங்கள். 60-க்குப் பிறகு மெடிக்கல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஒரு ஈசிஜி கோணலானால் சம்பளம் நிற்கும், இஎம்ஐ நிற்காது.

லாக்புக்கில் கை வைக்காதீர்கள். எங்கள் தொழிலில் "பி-51 அவர்ஸ்" என்று ஒரு கேலி உண்டு. பார்க்கர் 51 பேனாவால் ஓட்டிய மணி நேரம் என்று பொருள். சில பயிற்சிப் பள்ளிகளில் இதைத் தாங்களே "ஏற்பாடு செய்து" தருவார்கள். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் விவகாரத்தில் விமானிகள் கைதான செய்தியை நீங்களே படித்திருப்பீர்கள். படையில் பெயரெடுத்தவர் அறுபதை நெருங்கும் வயதில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டுமா?

ஏஜென்ட்டைப் பற்றி: வேலை உத்தரவாதம் தருகிறேன் என்பவரிடம் அதே வார்த்தையை முத்திரைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கேயே பேச்சு முடிந்துவிடும். "அப்துல்லாபுரம் ஏர்போர்ட் வரப்போவுது சார், உள்ளூர்லயே வேலை" என்று ஒருவர் ஆசை காட்டினாராம். வேலூரை ஒட்டிய அந்த ஓடுபாதை சின்ன விமானத்துக்கானது, ஏர்பஸ் இறங்கும் நீளமே அதற்குக் கிடையாது.

இதையெல்லாம் விடக் கஷ்டமான ஒன்று பேப்பரில் வராது. உங்கள் கேப்டனுக்கு முப்பது வயது இருக்கும். உங்கள் மகனைவிடக் கொஞ்சம் பெரியவர். அவர் "சார், செக்லிஸ்ட் ப்ளீஸ்" என்று மரியாதையாகத்தான் சொல்வார், ஆனால் முடிவு அவருடையது. ஸ்குவாட்ரனை நடத்தியவர் அந்த வலது இருக்கையில் வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறந்து, மூட வேண்டிய இடத்தில் மூட வேண்டும். நான் பார்த்தவரை, கையால் தோற்றவர்களைவிட இதில் தோற்றவர்கள்தான் அதிகம். பத்து இருபது வருடம் சின்னவரிடம் "தம்பி, இதை எனக்கு இன்னொரு தடவை சொல்லிக் கொடு" என்று கேட்கத் தெரிந்தவர்கள் தேறிவிடுகிறார்கள்.

வீட்டில் பேசிவிட்டீர்களா? பாதிப் பேர் நிலம் விற்ற பிறகுதான் மனைவியிடம் முழுக் கணக்கைச் சொல்கிறார்கள். பயிற்சிக்கு எந்த ஊரோ, வேலைக்கு எந்த ஊர் பேஸோ. சென்னையே கிடைத்தாலும், விடிகாலை மூன்று மணி ரிப்போர்ட்டிங்குக்கு ராணிப்பேட்டையிலிருந்து தினம் ஓட முடியாது. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தால் இரண்டு வருடம் தள்ளிப் போடுவதைப் பற்றியும் யோசியுங்கள், அய்யா. தள்ளிப் போட்டால் வயது போய்விடுமே என்றால், அந்தப் பயத்தையும் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நான் ஏர்லைன் பக்கமே கை காட்டுவதில்லை. மும்பைக் கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேலை இருக்கிறது, ஹெலிகாப்டர் பயிற்றுநர் வேலை இருக்கிறது, சிமுலேட்டரில் கற்றுக்கொடுக்கும் வேலை இருக்கிறது. அங்கே உங்கள் மூவாயிரம் மணி நேரமும் மூவாயிரம் மணி நேரமாகவே எண்ணப்படும். வாலாஜாபேட்டைக்காரர் இப்போது கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு ஏஜென்ட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அதற்கு நடுவே மெடிக்கலுக்கும் தேதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.