வண்டுகொல்லி இலை பூஞ்சையைக் கொல்லும், வைரஸை?

சீமையகத்திக்கு இன்னொரு பெயர் வண்டுகொல்லி. வண்டுகடி என்றால் படர்தாமரை. அதற்கு மருந்தானதால் வந்த பெயர். சிங்கப்பூரில் மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பார்கள். அவர்களும் இலையைக் கசக்கிப் படர்தாமரையில்தான் தேய்ப்பார்கள். செடியின் தாயகம் என்னவோ அமெரிக்க வெப்பமண்டலம்.

இலையிலுள்ள ரெயின், அலோ-எமோடின் போன்ற வேதிப்பொருள்கள் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், வெறும் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆய்வுக்கூடத்தில் காய்ந்த இலைத்தூள் 10 கிராமை 70 சதவீத எத்தனால் 100 மில்லிலிட்டரில் ஒரு நாள் ஊறவைத்து, வடிகட்டி, 40 டிகிரியில் ஆல்கஹாலை ஆவியாக்கலாம். இங்குள்ள ஈரக்காற்றில் இலையை நிழலில் காயப்போட்டால், காய்வதற்குள் இலையிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். 40 டிகிரி உலர் அடுப்பே நல்லது. கஷாயமாகக் குடிக்க வேண்டாம், இதே பொருள்கள் பேதியாக்கும்.

பூஞ்சை வளர்க்கும் கூழான அகார் தட்டில் சாற்றைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுந்தால் பூஞ்சை வளரவில்லை என்று பொருள். ஆனால் எண்ணெய்ப்பசையுள்ள பொருள் அகாருக்குள் எளிதில் பரவாது. வட்டம் சிறியது என்பதற்காகச் சாறு வீரியமற்றது என்று தள்ளிவிடக் கூடாது. 96 சிறு குழிகள் கொண்ட ஆய்வகத் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்க்கவைத்துப் பார்ப்பதே நம்பகமானது. கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு ஒரு நாள் போதும், படர்தாமரைப் பூஞ்சைக்கு நான்கு நாளாவது வேண்டும். கரைப்பான் மட்டும் ஊற்றிய குழி கட்டாயம். இல்லாவிட்டால் கொன்றது சாறா, கரைப்பானா என்றே தெரியாது.

வைரஸ் கதை வேறு. பூஞ்சைக்குச் சொந்தமாகச் செல்சுவரும், சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப்பொருளும் உண்டு. நம் செல்லில் இருப்பது கொலஸ்ட்ரால். அந்த வேறுபாடே மருந்துக்குக் குறி. வைரஸ் வளர்வதோ நம் செல்லுக்குள். ஆகவே முதலில் செல்லைப் பாதி கொல்லும் அளவையும், பிறகு வைரஸைப் பாதி தடுக்கும் அளவையும் அளக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 10க்கு மேல் வருவது நல்ல அறிகுறி. 2 வந்தால், செல் செத்ததால் வைரஸ் பெருகவில்லை என்ற சந்தேகம் எழும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த சாறுகள் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு பொய்யான வெற்றி காட்டும்.

டெங்கி வைரஸுக்குக் கொழுப்புறை உண்டு. சோதனைக்குழாயில் அதைக் கரைப்பது எளிது. பாலர் பள்ளிகளில் பரவும் கை, கால், வாய்ப்புண் நோயின் வைரஸுக்கு அந்த உறையே கிடையாது. எந்த ஆய்வைப் படித்தாலும் சாற்றை எப்போது சேர்த்தார்கள் என்று தேடுங்கள்: வைரஸோடு முதலிலேயே கலந்தார்களா, செல்லுக்குள் வைரஸ் நுழைந்த பிறகா? நோயாளிக்கு உதவ வாய்ப்பு அதிகமுள்ளது பின்னதே.