வலி நின்றால் போதுமா? கிரோன் நோயும் அதன் சிகிச்சையும்

மருந்தை நிறுத்திவிடலாமா என்ற எண்ணம் கிரோன் நோயாளிக்கு வருவது உடம்பு நன்றாக இருக்கும்போதுதான். வயிற்றுவலி இல்லை, அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டியதில்லை, அப்புறம் எதற்கு மாத்திரை? நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நோயில் வயிறு சொல்வதும் குடலுக்குள் நடப்பதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் இதை விவரித்தார்கள். நோய் எதிர்ப்பு அமைப்பு குடலிலேயே அளவுமீறிச் செயல்படுவதால் வரும் தீராத அழற்சி இது. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியைத்தான் அதிகம் தாக்குகிறது. புண்கள் விட்டுவிட்டு வரும். முக்கியமான விஷயம், அழற்சி குடலின் உட்படலத்தோடு நிற்காமல் குடல் சுவரின் முழுத் தடிமனுக்கும் இறங்கிவிடும். அதனால்தான் சிலருக்குச் சுவர் தழும்பேறிச் சுருங்குகிறது; சிலருக்குத் துளைத்துக்கொண்டு பக்கத்து உறுப்புக்கோ தோலுக்கோ ஃபிஸ்டுலா என்ற வழி உண்டாகிறது.

சிறுகுடலில் ஓடுவது பெரும்பாலும் திரவம். குழாய் கொஞ்சம் குறுகினாலும் அது வழிந்து போய்விடும். நன்றாகக் குறுகிய பிறகே சாப்பிட்டதும் வலி, உப்புசம், வாந்தி என்று தெரியவரும். தலைகீழாகவும் நடக்கும்: பித்த அமிலங்களைத் திரும்ப உறிஞ்சுவது சிறுகுடலின் அதே கடைசிப் பகுதிதான். அது கெட்டாலோ வெட்டி எடுக்கப்பட்டாலோ, அழற்சி துளியும் இல்லாமலே பேதி போகும். அதற்குத் தேவை பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் மருந்து, ஸ்டீராய்டு அல்ல.

ஆகவே அறிகுறியை மட்டும் நம்பாமல் மலத்தில் கால்புரோடெக்டின் அளவைப் பார்க்கிறார்கள். அழற்சி உள்ள இடத்துக்கு வந்து குவியும் வெள்ளை அணுக்கள் வெளியிடும் புரதம் இது. அளவு ஏறினால், வலி இல்லாவிட்டாலும் கொலோனோஸ்கோபியோ (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) ஸ்கேனோ செய்து பார்க்க அது நல்ல காரணம். இன்றைய சிகிச்சையின் இலக்கு புண்கள் ஆறுவது. என்னைப் பொறுத்தவரை, இந்த நோயின் சிகிச்சையில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான்.

ஸ்டீராய்டு அழற்சியை வேகமாக அடக்கும், ஆனால் நோயைத் தொடர்ந்து கட்டுக்குள் வைக்காது. நீண்ட நாள் எடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். நோய் எதிர்ப்பு அமைப்பைத் தணிக்கும் அசாதையோபிரின் என்ற மருந்து வேலை செய்யவே இரண்டு மூன்று மாதம் ஆகும். ரத்த அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் தொடர்ந்து ரத்தப் பரிசோதனை வேண்டும்.

1998-இல் அமெரிக்காவில் இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி மருந்து அனுமதி பெற்றது பெரிய திருப்பம். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற புரதத்தை அது முடக்குகிறது. உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருப்பதிலும் அதே புரதத்துக்குப் பங்கு உண்டு. ஊசி போடுமுன் காசநோய்ப் பரிசோதனை செய்வது அதற்காகத்தான். அதைத் தவிர்க்கவே கூடாது. பின்னால் வந்த வெடோலிசுமாப், வெள்ளை அணுக்கள் குடலுக்குள் நுழைவதையே தடுக்கிறது. உஸ்டெகினுமாப், ரிசான்கிசுமாப், மாத்திரையாக உபடாசிடினிப் என்று இன்று வேறு வழிகளும் உண்டு. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது இருக்கிறது.

எல்லோருக்கும் பொருந்தும் உணவுப்பட்டியல் கிடையாது. குடல் குறுகியிருந்தால் நார் மிகுந்த, கடினமான உணவைக் குறைக்கச் சொல்வார்கள். குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் திரவ ஊட்டச்சத்து மட்டும் கொடுத்தே அழற்சியை அடக்க முடிகிறது. புகைப்பழக்கம் நோயை உறுதியாக மோசமாக்கும். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். இரும்புச்சத்தையும் பி12-ஐயும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. சோர்வுக்கு இவற்றின் குறைவும் ஒரு காரணம்.

சரி, அறுவை சிகிச்சை? தழும்பேறிய சுருக்கத்தை எந்த மருந்தும் விரிக்காது. அங்கே அறுவை சிகிச்சையைத் தோல்வியாக நினைக்கத் தேவையில்லை. ஆனால் வெட்டி எடுத்தாலும் நோய் உடலை விட்டுப் போவதில்லை. குடலை இணைத்த இடத்துக்குச் சற்று மேலேயே பெரும்பாலும் திரும்ப வரும், அதுவும் அறிகுறி காட்டாமல். அதனால் அறுவைக்குப் பின் 6 முதல் 12 மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி செய்து, கண்டதை வைத்து மருந்தைத் தீர்மானிக்கிறார்கள்.