பள்ளி மாவட்டம் என்றால் எந்தக் கலெக்டர்?

2023 ஜூனில் டெக்சாஸில் நடந்த ஒரு விவகாரத்தைத் தமிழில் எழுதுபவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள்: ஹூஸ்டன் பள்ளி மாவட்டத்தை மாநில அரசு கையகப்படுத்தியது, அறங்காவலர்கள் நீக்கப்பட்டனர், புதிய மாவட்டக் கண்காணிப்பாளர் பொறுப்பேற்றார். விழுப்புரத்திலோ திருநெல்வேலியிலோ உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு என்ன புரியும்? எங்கோ நிலம் எடுத்திருக்கிறார்கள், கோயில் நிர்வாகத்தில் ஏதோ தகராறு, எஸ்.பி. மாறிவிட்டார். மூன்று சொல்லும் தமிழ்தான், மூன்றும் பிழையில்லாமல் எழுதப்பட்டவைதான், ஆனால் சேர்த்துப் படித்தால் நடந்தது என்னவென்று ஒரு வரி விளங்காது.

எல்லாக் குழப்பத்துக்கும் மூலம் ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்பதைப் பள்ளி மாவட்டம் ஆக்கியதுதான். அமெரிக்கத் தமிழர்கள் வீட்டில் அப்படிச் சொல்வதே கிடையாது. "அந்த ஏரியா எந்த ஐஎஸ்டி?" என்றுதான் டெக்சாஸில் வீடு பார்க்கும்போது கேட்பார்கள், இன்டிபென்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பதன் சுருக்கம். (ஐஎஸ்டி என்றதும் மஞ்சள் போர்டு மாட்டிய டெலிபோன் பூத்து நினைவுக்கு வந்தால் உங்கள் வயது தெரிந்துவிடும்.) எழுத உட்கார்ந்ததும்தான் மாவட்டம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

சொல் வரலாற்றை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். டிஸ்ட்ரிக்ட், இடைக்கால லத்தீனின் டிஸ்ட்ரிக்டஸ் வழியாக வந்தது. இறுக்கிப் பிடித்தல், அதிலிருந்து ஒரு பிரபுவின் அதிகாரம் செல்லும் எல்லை என்று பொருள் நகர்ந்தது. ஆக, அடியில் இருப்பது நிலப்பரப்பு அல்ல, அதிகாரம். நம் பக்கம் அதற்கு முதலில் ஜில்லா என்றோம். அது அரபியில் விலா எலும்பு, பக்கம் என்று பொருள்படும் சொல், பாரசீகம் உருது வழியாக வந்தது. அப்புறம் தாலுக்காவை வட்டம் ஆக்கி, ஜில்லாவை மாவட்டம் ஆக்கினோம். நல்ல சொல், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு கலெக்டர் உட்கார்ந்திருக்கிறார். கலெக்டர் இல்லாத மாவட்டத்தைத் தமிழ் மனம் கற்பனை செய்வதில்லை.

ஆனால் அமெரிக்கப் பள்ளி டிஸ்ட்ரிக்டில் கலெக்டர் மாதிரி யாரும் கிடையாது. அது பெரும்பாலான இடங்களில் சட்டப்படி ஒரு தனி உள்ளாட்சி அமைப்பு. நாடு முழுக்கச் சுமார் 13,000 இருக்கின்றன. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஹூஸ்டனில் ஒன்பது பேர், நான்கு ஆண்டுப் பதவி, சம்பளம் கிடையாது. அந்தக் குழு ஒரு தலைமை நிர்வாகியை வேலைக்கு வைக்கிறது, பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுகிறது. வீட்டு வரியில் தனக்கென ஒரு விகிதம் போட்டு வாங்குகிறது. கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு வைக்கிறது. ஆசிரியரை நியமிப்பது, பஸ் விடுவது, மதியச் சாப்பாடு, எந்தப் பள்ளியை மூடுவது என்பது வரை எல்லாம் அதன் வேலை. கூட்டாட்சி அரசிடமிருந்து வருவது மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதி மாநிலமும் ஊரும்.

எல்லைக்கும் மாவட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. நாம் வழக்கமாக மாவட்டம் என்று பெயர்க்கும் கவுண்டி வேறு. ஹூஸ்டனின் பெரும்பகுதி இருக்கும் ஹாரிஸ் கவுண்டி ஒன்றுக்குள்ளேயே இருபதுக்கு மேற்பட்ட பள்ளி டிஸ்ட்ரிக்டுகள். ஹூஸ்டன் மாநகர எல்லைக்குள் வீடு வைத்திருப்பவர் ஏலிஃப் டிஸ்ட்ரிக்டிலோ ஸ்பிரிங் பிராஞ்ச் டிஸ்ட்ரிக்டிலோ இருக்கலாம், ஹூஸ்டன் டிஸ்ட்ரிக்டில் இல்லாமலே போகலாம். இதைத் தமிழில் எழுதுங்கள் பார்ப்போம்: ‘ஹாரிஸ் மாவட்டத்தில் இருபது மாவட்டங்கள்’. அதோடு விடுமா? குழு உறுப்பினர்கள் ஒன்பது பேரும் ஒன்பது டிஸ்ட்ரிக்டிலிருந்து வருகிறார்கள், நம் வார்டு மாதிரி. ஆக மாவட்டத்துக்குள் மாவட்டம், அதற்குள்ளும் மாவட்டம். மொழிபெயர்த்தவர் தான் எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் படித்திருந்தால் பேனாவை வைத்திருப்பார்.

சரி, ஹூஸ்டனில் உண்மையில் என்ன நடந்தது? வீட்லி உயர்நிலைப் பள்ளி வருடக்கணக்காக மாநில மதிப்பீட்டில் தேறவில்லை. ஒரே ஒரு பள்ளி ஐந்து முறை தொடர்ந்து தவறினாலும் ஒன்று அந்தப் பள்ளியை மூட வேண்டும், இல்லாவிட்டால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவையே ஒதுக்கிவைக்கலாம் என்று 2015இல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டிருந்தது. 2019இல் மாநிலம் குழுவின் மேல் கை வைத்தது, வழக்கு இழுத்தது, 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியதும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒன்பது பேரை ஓரம் கட்டி, மாநிலம் நியமித்த ஒன்பது பேர் வந்தார்கள். மைக் மைல்ஸ் தலைமை நிர்வாகி ஆனார். பல பள்ளிகளில் நூலகங்களை நூலகமாக வைத்திருப்பதை விட்டுவிட்டு, வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்படும் பிள்ளைகளும் பாடத்தைச் சீக்கிரம் முடித்தவர்களும் உட்காரும் இடமாக மாற்றினார்கள். பெரிய கூச்சல் எழுந்தது. ஆனால் 2025 மதிப்பீட்டில் அங்கே எஃப், அதாவது தேறாத நிலை, வாங்கிய பள்ளி ஒன்றுகூட இல்லை. இரண்டும் உண்மை. மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஒரு அளவுகோல் 2024 நவம்பர்: 440 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு அனுமதி கேட்டார்கள், ஹூஸ்டன்காரர்கள் வாக்கெடுப்பில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் தமிழில் ‘பத்திரத் தேர்தல்’ ஆகிறது, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏதோ தேர்தல் நடந்த மாதிரி.

இந்தக் கதை முழுக்க உள்ளாட்சிக் கதை. மாநிலம் ஓர் உள்ளாட்சி மன்றத்தைக் கலைத்துவிட்டுத் தனி அலுவலரைப் போட்ட கதை. அப்படிச் சொல்லியிருந்தால் தமிழ்நாட்டில் யாருக்கும் அகராதி தேவைப்பட்டிருக்காது, நாம் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்.

இப்போது என் உண்மையான எதிரிக்கு வருகிறேன். பள்ளி மாவட்டமாவது அரைகுறைப் பெயர்ப்பு என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. ‘கல்வி மாவட்டம்’ என்று எழுதுபவர்கள்தான் ஆபத்தானவர்கள், ஏனென்றால் அவர்கள் சொல்வது சரியாகவே காதில் விழுகிறது. "ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல், அரசாணையிலேயே இருக்கிறது" என்று வாதம் வேறு. அரசாணையில் இருப்பதுதான் சிக்கலே. கல்வி மாவட்டம் என்பது தமிழ்நாட்டில் மாவட்டக் கல்வி அலுவலரின் (டி.இ.ஓ.) எல்லை. வருவாய் மாவட்டத்துக்கு ஒரு முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்கள், இப்போது தொடக்கக் கல்விக்குத் தனி, இடைநிலைக்குத் தனி, தனியார் பள்ளிகளுக்குத் தனி, அதற்கும் கீழே வட்டாரக் கல்வி அலுவலர். எல்லாரும் அரசு ஊழியர்கள், சென்னையிலிருந்து வரும் சுற்றறிக்கையைக் கீழே அனுப்புபவர்கள். யாரையும் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. மாவட்டக் கல்வி அலுவலர் ஒரு ரூபாய் வரி போட முடியாது. பிளஸ் டூ தேர்ச்சி குறைந்தால் கலெக்டர் கூப்பிட்டுக் கேட்பார், அவ்வளவுதான் ‘செயல்திறன்’. 2025இல் அரியலூர் முதலிடம் என்றால் அது கலெக்டரின் மாவட்டம் வாங்கிய இடம்; கல்வி மாவட்டத்தை எந்தத் தலைப்புச் செய்தியும் சீண்டுவதில்லை.

அமெரிக்க டிஸ்ட்ரிக்டைக் கல்வி மாவட்டம் என்றால் மேலிருந்து கீழே வரும் அதிகாரம் என்று ஆகிவிடும், ஆனால் அங்கே அது கீழிருந்து எழுவது. அந்த வித்தியாசம் சின்னதல்ல. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்று ஒரு ஏழை டிஸ்ட்ரிக்ட், பக்கத்திலேயே அலமோ ஹைட்ஸ் என்று ஒரு பணக்கார டிஸ்ட்ரிக்ட். 1960களின் கடைசியில் எட்ஜ்வுட் மக்கள் சொத்து மதிப்பில் நூறு டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள், அதில் பிள்ளைக்கு 26 டாலர் தேறியது. அலமோ ஹைட்ஸ் 85 சென்ட்தான் கட்டியது, பிள்ளைக்கு 333 டாலர் வந்தது. அதிக வரி கட்டியவனுக்குக் குறைந்த பள்ளிக்கூடம், காரணம் அவன் வீட்டுக்கு மதிப்பில்லை. ரோட்ரிகெஸ் என்ற தகப்பன் வழக்குப் போட்டு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1973இல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார். பின்னர் 1989இல் மாநில உச்ச நீதிமன்றம், மாநில அரசமைப்புப்படி இது செல்லாது என்றது. 1993இல் பணக்கார டிஸ்ட்ரிக்டிடம் வாங்கி ஏழைக்குத் தரும் முறை வந்தது, ராபின் ஹூட் என்றே அதற்குப் பட்டப்பெயர். ‘எட்ஜ்வுட் கல்வி மாவட்டம்’ என்று எழுதிவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் வாசகர் கேட்பார்: டி.இ.ஓ.வுக்கு ஏன் வரி வருகிறது? நியாயமான கேள்வி.

இலங்கை வழக்கில் சிலர் ‘கல்வி வலயம்’ என்று எழுதுகிறார்கள். அதுவும் வலயக் கல்விப் பணிப்பாளரின் வலயம், திணைக்கள அமைப்பு, மேலே சொன்ன அதே குறைதான். கனடாத் தமிழர்கள் ‘கல்விச் சபை’ என்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கும். எல்லையை விட்டுவிட்டு ஆட்களைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஒன்டாரியோவில் கல்வி வரி விகிதம் போடும் உரிமை 1990களின் இறுதியிலேயே மாகாணத்துக்குப் போய்விட்டது, தவிர சபை என்றால் கூடிப் பேசும் உறுப்பினர்கள் மட்டும்தான் தெரிகிறார்கள், பள்ளிகளும் பஸ்களும் தெரிவதில்லை. வாரியம் என்று சொல்லலாமா? உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவைதான், பொருத்தமாகவே இருந்திருக்கும். ஆனால் இன்று பிள்ளை வளர்க்கும் எவருக்கும் பள்ளி, வாரியம் இரண்டும் சேர்ந்தால் சிபிஎஸ்இதான் நினைவுக்கு வரும்.

நான் எழுதுவது ‘பள்ளி ஒன்றியம்’. தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்ற பலகையைப் பார்க்காத கிராமத்தான் கிடையாது. ஒன்றியம் என்றால் பல ஊர் சேர்ந்தது, தேர்ந்தெடுத்த குழு உண்டு, தலைவர் உண்டு. 1981 வரை அந்தப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றியத்தின் ஊழியர்களாகத்தான் இருந்தார்கள், அப்புறம்தான் அரசு ஊழியர் ஆனார்கள். அதாவது அந்தச் சொல்லுக்குள் நமக்கே சொந்தமான ஒரு உள்ளாட்சிப் பள்ளி நினைவு மிச்சம் இருக்கிறது. தற்செயலாக, கலிஃபோர்னியாவில் ‘யூனியன்’, ‘யூனிஃபைட்’ என்று பெயரிலேயே சேர்த்துக்கொண்ட டிஸ்ட்ரிக்டுகள் ஏகப்பட்டவை, லாஸ் ஏஞ்சலஸ் உட்பட. ஒன்றியம் என்றால் யாழ்ப்பாணத்தில் மாணவர் சங்கம் ஆகிவிடுமே என்று ஒருவர் கேட்பார், ஒன்றிய அரசு என்று அரசியல் பேசுகிறாயா என்று இன்னொருவர் கேட்பார். முதல் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. முதல் முறை வரும்போது ‘பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சியான பள்ளி ஒன்றியம்’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் உத்தேசமில்லை.

இதைச் சரிசெய்துவிட்டால் மற்றவை தானாக நிமிரும். ‘சுதந்திரப் பள்ளி மாவட்டம்’ என்று யாரோ விடுதலை வாங்கித் தந்த மாதிரி எழுத வேண்டாம், தன்னாட்சிப் பள்ளி ஒன்றியம். டிரஸ்டி அறங்காவலர் அல்ல, ஒன்றியக் குழு உறுப்பினர். உண்டியலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. சூப்பரின்டென்டன்ட் கண்காணிப்பாளர் அல்ல, அவர் யாரையும் கண்காணிக்க வந்தவர் இல்லை, தலைமை நிர்வாகி. பப்ளிக் ஸ்கூலைப் ‘பொதுப் பள்ளி’ என்பதாவது பரவாயில்லை, அப்படியே பப்ளிக் ஸ்கூல் என்று விட்டால் நம் ஊரில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி என்று ஆகிவிடும். இயந்திரத்தில் போட்டு எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, இயந்திரத்துக்கு டி.இ.ஓ. யாரென்று தெரியாது. தெரிந்தவர்கள் இயந்திரம் தந்ததை அப்படியே ஒட்டுகிறார்களே, அங்கேதான் எரிச்சல்.

ஒரு விதிவிலக்கு: ஹவாய் மாநிலம் முழுக்க ஒரே டிஸ்ட்ரிக்ட். அங்கே ஒன்றியம் என்று எழுத நானும் சொல்ல மாட்டேன், மாநிலக் கல்வித் துறை என்றாலே போதும்.