நம்பிக்கை மாற்றத் தீர்மானம்: சொல் விளக்கம்

சென்ற மாதம் தேர்தல் சீர்திருத்தம் பற்றிய ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். பேசியவர்களில் ஒருவர், ஆட்சி அடிக்கடி கவிழாமல் இருக்க ஜெர்மனியில் உள்ளது போல ‘ஆக்கபூர்வமான நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ இங்கேயும் வர வேண்டும் என்றார். எனக்குப் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: “அப்படின்னா, திட்டாம மரியாதையா கொண்டு வர்ற தீர்மானமா?” அவரும், “ஆமாங்க, குறையை மட்டும் எடுத்துச் சொல்றது. ஆட்சியக் கலைக்கறது இல்ல” என்று விளக்கம் சொல்லிவிட்டார்.

இருவர் மேலும் தவறில்லை. அந்தத் தொடருக்கு இன்றைய தமிழில் அதுதான் பொருள். ‘ஆக்கபூர்வமான விமர்சனம்’, ‘ஆக்கபூர்வமான யோசனை’, ‘ஆக்கபூர்வமான பேச்சுவார்த்தை’ என்று கேட்டுப் பழகிய காது வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்? ஆனால் உண்மையில் இந்தத் தீர்மானம் ஆட்சியைக் கவிழ்ப்பதற்கானதுதான். கவிழ்க்கும் அதே வாக்கில் அடுத்தவரையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பதே இதன் நிபந்தனை. அந்த நிபந்தனையைப் பற்றி அந்தச் சொல்லில் ஒரு எழுத்துகூட இல்லை. தலைப்பில் இருப்பது அதற்குப் பதிலாக நான் வைக்கும் பெயர்.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1919 முதல் 1933 வரை ஜெர்மனியில் நீடித்த வைமர் குடியரசில் ஏறத்தாழ 20 அமைச்சரவைகள் வந்து போயின. 1932 செப்டம்பர் 12 அன்று பிரதமர் பாப்பன் மீது நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பில் அவருக்கு எதிராக 512 வாக்குகள், ஆதரவாக வெறும் 42. நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அன்று ஒரே பக்கம் வாக்களித்தார்கள். பாப்பன் வேண்டாம் என்பதில் இருந்த ஒற்றுமை, அவர் இடத்தில் யார் என்பதில் துளியும் இல்லை. இடிக்க மட்டும் கூடுகிற இப்படிப்பட்ட பெரும்பான்மைதான் குடியரசைத் தின்றது என்று, போருக்குப் பின் அரசமைப்பை எழுத உட்கார்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 1949இல் வந்த அடிப்படைச் சட்டத்தின் 67ஆம் உறுப்பு அந்த முடிவின் விளைவு. அதன்படி, நாடாளுமன்றம் ஒரு பிரதமர் மீது நம்பிக்கை இல்லை என்று சொல்வதற்கு ஒரே வழி, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இன்னொருவரைப் பிரதமராகத் தேர்ந்தெடுப்பது. தீர்மானம் கொண்டுவருவதற்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே 48 மணி நேரம் கழிய வேண்டும்.

கூட்டாட்சி மட்டத்தில் இதுவரை இரண்டு முறைதான் இது வாக்கெடுப்புக்கு வந்திருக்கிறது. 1972 ஏப்ரலில் பிரதமர் வில்லி பிராண்டுக்குப் பதில் எதிர்க்கட்சித் தலைவர் ரைனர் பார்சலைக் கொண்டுவர முயன்றார்கள். 249 வாக்குகள் தேவை, கிடைத்தது 247. பிராண்டு தப்பினார். 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோலை ஏற்றினார்கள், 256 வாக்குகளுடன். (2024 டிசம்பரில் அன்றைய பிரதமர் ஷோல்ஸ் தோற்றது இந்த வகையில் சேராது. அது 68ஆம் உறுப்பின்படி அவரே கேட்டு வாங்கிய நம்பிக்கை வாக்கெடுப்பு. இரண்டையும் குழப்பக் கூடாது.)

சரி, சொல்லுக்கு வருவோம். ஜெர்மன்காரர்கள் ‘கோன்ஸ்ட்ருக்டிவ்’ என்று ஒரு அடைமொழியைப் போட்டது, கட்டுதல் என்ற பொருளில். இடிக்கும் பெரும்பான்மைக்கு எதிர்ப்பதமாகக் கட்டும் பெரும்பான்மை. லத்தீனில் அடுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழில் மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்தார், ‘ஆக்கபூர்வமான’ என்று இருந்தது, எழுதிவிட்டார்.

இங்கே ஒருவர் என்னை மறிக்கலாம். ஆக்கம் என்பது ஆக்குதல்தானே, ஓர் அரசை ஆக்குவதைத்தானே இது சொல்கிறது, இதில் என்ன பிழை என்று. வேர் வரைக்கும் போனால் அவர் சொல்வது சரி. ஆகு, ஆக்கு, ஆக்கம் எல்லாம் நம் சொற்கள். வீட்டில் இன்னும் சோறு ஆக்குகிறோம். ‘ஆக்கமுங் கேடும் அதனால் வருதலால்’ என்று குறள் சொல்லும்போது ஆக்கம் கேட்டுக்கு எதிர்ப்பதமாக நிற்கிறது. வெறும் ‘ஆக்க’ என்று நின்றிருந்தால் நானும் பாதி ஒத்துக்கொண்டிருப்பேன். பின்னால் ஒட்டிய ‘பூர்வமான’ என்பதுதான் கெடுத்தது. பூர்வம் என்றால் வடமொழியில் முந்தியது. பூர்வீகம், பூர்வ ஜென்மம் என்பவை அந்தப் பொருளில் வருபவை. சொல்லின் பின்னால் ஒட்டாக வரும்போது ‘அதோடு கூடிய’ என்று ஆகிறது: சட்டபூர்வமான, உணர்வுபூர்வமான. ஆக, ஆக்கத்தோடு கூடியது, அதாவது நன்மை தரும் எண்ணத்தோடு கூடியது. பல பத்தாண்டுகளாக மேடையிலும் தலையங்கத்திலும் புழங்கி, ‘நல்ல’, ‘பயனுள்ள’ என்பதற்கு மேல் அதில் வேறெந்தப் பொருளும் தங்கவில்லை. வேரில் இருக்கும் பொருளை நம்பி ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட முடியாது. கேட்பவர் மனதில் எது எழுகிறதோ அதுதான் பொருள்.

பூர்வம் வடமொழி என்பதற்காக நான் விலக்கவில்லை. தூய்மையைவிடத் தெளிவு எனக்கு முக்கியம். இலங்கையில் ‘நம்பிக்கையில்லாப் பிரேரணை’ என்கிறார்கள். பிரேரணையும் வடசொல்தான். ஆனால் அது நம் ‘தீர்மான’த்தைவிடத் துல்லியமானது. அவை முன் வைக்கப்படுவது பிரேரணை, அவை ஏற்று முடிவு செய்தால் அது தீர்மானம். தீர் என்ற வேரோடு, வருமானம், பெறுமானம் என்பவற்றில் உள்ள அதே ‘மானம்’ சேர்ந்த சொல் இது. தீர்ந்து முடிந்ததைக் குறிக்க வேண்டியது. நாமோ இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ‘தீர்மானம் தோற்றது’ என்று எழுதுகிறோம். தீராத ஒன்று எப்படித் தீர்மானம் ஆகும்? ஆனாலும் அந்தச் சொல் இங்கே வேர்பிடித்துவிட்டது, அதைப் பிடுங்கப் போவதில்லை.

‘ஆக்கபூர்வமான’ மீது எனக்குள்ள பெரிய புகார் வேறு. அது ஓர் ஏற்பாட்டுக்குப் பெயர் வைக்கும்போதே அதைப் புகழ்ந்துவிடுகிறது. இது நல்ல ஏற்பாடா என்பது இன்னும் வாதத்தில் இருக்கும் கேள்வி. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசமைப்பு வரைவை முன்வைத்தபோது அம்பேத்கர் இந்தக் கேள்வியின் அடிப்படையைத் தொட்டுப் பேசினார். மக்களாட்சியில் நிர்வாகம் நிலையாகவும் இருக்க வேண்டும், பொறுப்புள்ளதாகவும் இருக்க வேண்டும், இரண்டையும் சம அளவில் தரும் முறை இதுவரை வாய்க்கவில்லை, அமெரிக்க முறை நிலைத்தன்மையைக் கூடுதலாகத் தருகிறது, பிரிட்டிஷ் முறை பொறுப்பைக் கூடுதலாகத் தருகிறது, வரைவு பொறுப்பையே தேர்ந்துகொண்டிருக்கிறது என்றார். நாடாளுமன்ற முறையில் ஆட்சியின் பொறுப்பு தேர்தலின்போது மட்டுமல்லாமல் நாள்தோறும் மதிப்பிடப்படுகிறது என்பது அவர் வாதம். அந்த அன்றாடக் கருவிகளில் ஒன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஜெர்மன் முறை அந்தக் கருவியின் முனையைக் கொஞ்சம் மழுக்குகிறது, பதிலுக்கு நிலைத்தன்மையைத் தருகிறது. எதிர்க்கட்சிகள் ஒரு பெயரில் ஒன்றுசேர முடியாவிட்டால், பெரும்பான்மை இழந்த ஆட்சியும் தொடரும். இந்தக் கொடுக்கல் வாங்கலை மக்கள் எடைபோட வேண்டும். பெயரே ‘நல்ல தீர்மானம்’ என்று சொல்லிவிட்டால் யார் எடைபோடுவார்கள்?

நான் இந்தச் சீர்திருத்தத்தை ஆதரிக்கிறவன். அதனால்தான் இந்தப் பெயர் என்னை வருத்துகிறது. 1999 ஏப்ரல் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அதிமுக ஆதரவை விலக்கியது, ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் 269க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றார். தோற்கடித்தவர்களால் மாற்று அரசு அமைக்க முடியவில்லை. ஒன்பது நாளில் மக்களவை கலைந்தது. செப்டம்பர், அக்டோபரில் தேர்தல் முடியும் வரை தோற்ற அரசே காபந்து அரசாக இருந்தது. கார்கில் போர் அந்த இடைவெளியில்தான் நடந்தது. அன்று நடந்தது அரசு தானே கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பு. மக்களவையில் ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானமும் இதுவரை வென்றதில்லை. ஆகவே சீர்திருத்தம் என்றால் நம்பிக்கை வாக்கெடுப்பு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற இரண்டு வாசலையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். வெங்கடாசலையா தலைமையிலான அரசமைப்பு மறுஆய்வு ஆணையம் 2002இல் தந்த அறிக்கை, நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு அவையின் 20 விழுக்காடு உறுப்பினர்களாவது அறிவிப்பு தர வேண்டும், கூடவே மாற்றுத் தலைவரின் பெயரும் வாக்குக்கு வர வேண்டும் என்றது. இப்போதைய விதிப்படி 50 பேர் எழுந்து ஆதரித்தால் போதும், மாற்றுப் பெயர் தேவையில்லை. 2018இல் சட்ட ஆணையத்தின் வரைவு அறிக்கையும் இந்த முறையைப் பரிந்துரைத்தது. இதைப் பற்றி நம் ஊர் டீக்கடையில் ஒரு வாக்குவாதமாவது கேட்டதுண்டா? சொல் உள்ளே விடவில்லை, அப்புறம் வாதம் எப்படி வரும்?

மாற்றாகச் சிலர் சொல்பவையும் உதவாது. ‘நேர்மறை நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். நேர்மறையும் இல்லாமையும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நிற்கின்றன. ‘ஆக்கமுறை அவநம்பிக்கை வாக்கு’ என்பதில் வடமொழி ஒட்டை எடுத்துவிட்டு, குழப்பத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். தமிழ் வேரில் ஒரு சொல்லைச் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு. பொருள் விளங்காத தூய தமிழ், பொருள் விளங்காத எந்த மொழியையும் போலத்தான்.

‘மாற்றாள் தீர்மானம்’ என்று நானே ஒரு காலத்தில் சொல்லி வந்தேன். ஆலையில் ஷிப்டு மாறும்போது மாற்றாள் வந்தால்தான் இயந்திரத்தை விட்டு நகரலாம், அதே கதைதான் இது. ஆனால் பழைய வழக்கில் மாற்றாள் என்றால் சக்களத்தி. மாற்றான் என்றால் பகைவன். அந்த வாடை இன்னும் போகவில்லை. கைவிட்டுவிட்டேன்.

நான் இப்போது எழுதுவது ‘நம்பிக்கை மாற்றத் தீர்மானம்’. அவை தன் நம்பிக்கையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கு மாற்றுகிறது. எடுப்பதும் கொடுப்பதும் ஒரே செயல். நிலத்துக்குப் பட்டா மாறுதல் நடப்பது போல: புதியவர் பெயர் ஏறும்போதுதான் பழையவர் பெயர் நீங்குகிறது, நடுவில் நிலம் யார் பெயரிலும் இல்லாமல் கிடப்பதில்லை. நம்பிக்கை மாற்றம் என்றால் மதமாற்றம் போலத் தொனிக்காதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தனியாக நின்றால் தொனிக்கலாம். ‘தீர்மானம்’ கூட வரும்போது அந்த ஐயம் வராது. ‘நம்பிக்கையில்லா’ என்ற பழகிய தொடருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் உறவும் தெரிகிறது, வேறுபாடும் தெரிகிறது.

செய்தியில் போட்டுப் பாருங்கள். இதே முறை உள்ள ஸ்பெயினில் 2018 ஜூன் 1 அன்று நடந்ததை இப்படி எழுதலாம்: ‘நம்பிக்கை மாற்றத் தீர்மானம் 180 வாக்குகளுடன் வென்றது, ரஹோய் பதவி இழந்தார், பெட்ரோ சான்செஸ் பிரதமர் ஆகிறார்.’ இதில் ஆக்கபூர்வமான என்று போட்டால், ரஹோய் ஏன் வீட்டுக்குப் போனார் என்றே வாசகருக்குப் புரியாது.

மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘கன்ஸ்ட்ரக்டிவ்’ என்று கண்டதும் கை தானாக ‘ஆக்கபூர்வமான’ என்று எழுத விடாதீர்கள். தொழிலாளர் சட்டத்தில் ‘கன்ஸ்ட்ரக்டிவ் டிஸ்மிஸல்’ என்று ஒன்று உண்டு. வேலையில் இருக்கவே முடியாதபடி முதலாளி நெருக்கி, தொழிலாளி தானாக விலகினால், அதையும் பணிநீக்கமாகவே கருதுவது. அங்கே அந்தச் சொல்லுக்குக் ‘கருதத்தக்க’ என்று பொருள். வேலை பறிபோனவரிடம் போய் ‘ஆக்கபூர்வமான பணிநீக்கம்’ என்று சொல்ல எப்படி மனம் வரும்? பொருளைப் பார்த்து ‘பணிநீக்கத்துக்கு நிகரான விலகல்’ என்று எழுதினால் சில எழுத்து கூடும், அவ்வளவுதான்.

எழுதும்போது ‘மாற்றத் தீர்மானம்’ என்று த் மிகும். ‘நம்பிக்கை மாற்ற வாக்கெடுப்பு’ என்று வரும்போது மிகாது. ‘மாற்றுத் தீர்மானம்’ என்று எழுதிவிடக் கூடாது, அது ஒரு தீர்மானத்துக்குப் பதிலாக வரும் இன்னொரு தீர்மானம்.