ஃபில்டர்: வடிகட்டியா, வடிப்பியா?

மின்னணுப் பாகங்களைச் செருகிச் சுற்று கட்டும் பிரெட்போர்டில் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லை வைத்துப் பழகுகிறவர்கள் முதலில் கட்டிப் பார்க்கும் சுற்றுகளில் ஃபில்டர் கட்டாயம் இருக்கும். சில அதிர்வெண்களை விட்டு மற்றவற்றைக் குறைப்பது அதன் வேலை. ஃபில்டரைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒருவர் வடிகட்டி என்கிறார், இன்னொருவர் வடிப்பான், வேறொருவர் வடிப்பி. நான் வடிப்பி பக்கம்.

இடைக்கால இலத்தீனில் ஃபில்ட்ரம் என்பது கம்பளி மயிரை நனைத்து அழுத்திச் செய்த துணி. நீர்மங்களைத் தெளிய வைக்க அந்தத் துணியில் ஊற்றினார்கள். நாளடைவில் துணியின் பெயரே கருவிக்கும் வேலைக்கும் பெயராகிவிட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில் கார்ல் வாக்னரும் அமெரிக்காவில் ஜார்ஜ் கேம்பலும் அதிர்வெண்களைப் பிரித்தெடுக்கும் சுற்றுகளைத் தனித்தனியே உருவாக்கினார்கள். துணியின் பெயர் மின்சாரத்துக்கும் வந்து சேர்ந்தது.

வடிகட்டி என்றதும் நமக்கும் அந்தத் துணிதான் கண்ணில் படுகிறது. தெளிவு கீழே இறங்கும், கசடு மேலே தங்கும். ஆனால் சுற்றில் எதுவும் தங்குவதில்லை. கட்டிப் பார்த்தால் புரியும். 741 என்ற ஆப்-ஆம்ப் சில்லு ஒன்று, 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று, 10 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்று போதும். உள்ளே வரும் சிக்னல் மின்தடை வழியாக 3-ஆம் காலுக்குப் போகட்டும். அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு மின்தேக்கியைச் செருகுங்கள். வெளியீடு வரும் 6-ஆம் காலை 2-ஆம் காலோடு ஒரு கம்பியால் இணையுங்கள். 7-இல் நேர் மின்னழுத்தம், 4-இல் எதிர் மின்னழுத்தம். அவ்வளவுதான். 741 இங்கே சிக்னலைப் பெரிதாக்குவதில்லை. அடுத்து வரும் சுற்று மின்தேக்கியின் வேலையைக் கெடுக்காமல் நடுவில் நின்று காக்கிறது.

இதன் வெட்டு அதிர்வெண், அதாவது சிக்னல் கணிசமாகக் குறையத் தொடங்கும் எல்லை, சுமார் 1,590 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் 1 வோல்ட் கொடுத்தால் 0.71 வோல்ட் வெளியே வரும். பத்து மடங்கு அதிர்வெண்ணில் 0.1 வோல்ட்தான். வேகமாக அலையும் மின்னோட்டத்துக்கு மின்தேக்கி வழிவிட்டு, அதைக் கிரவுண்டுக்கு இறக்கிவிடுகிறது. வெள்ளம் வடிந்தது என்கிறோமே, அந்த வடிதல் இது. கட்டுவதற்குத் துணியே இல்லாத இடத்தில் 'கட்டி' எதற்கு?

வடி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சிலை வடித்தான், கவிதை வடித்தாள் என்கிறோம், உருக்கொடுப்பது. இதே சுற்றில் 500 ஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்து, அலையின் உருவைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். செங்குத்தாக ஏற வேண்டிய விளிம்பு சாய்ந்து வளைந்து ஏறும், கூரான மூலை மழுங்கியிருக்கும். அலைக்குப் புது உரு கிடைத்துவிட்டது. ஒரு வினைச்சொல்லே இரண்டு வேலையையும் சொல்லிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

சரி, வடிப்பான் என்றால் என்ன குறை? பொருளில் குறையே இல்லை. ஆனால் அதே சுற்றில் பக்கத்தில் இருப்பவை மின்தேக்கியும் பெருக்கியும். அந்த வரிசையில் வடிப்பி இயல்பாக உட்காருகிறது. ஆப்-ஆம்பைச் செயல்பாட்டுப் பெருக்கி என்கிறோம். கூட்டல், கழித்தல், தொகையீடு போன்ற கணிதச் செயல்களுக்குப் பயன்பட்டதால் வந்த பெயர். பிரெட்போர்டை அப்படியே விட்டுவிடலாம், ரொட்டிப்பலகை என்றால் யாருக்கும் விளங்காது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நாம் கட்டியது தாழ்ந்த அதிர்வெண்களை விடும் லோ பாஸ் ஃபில்டர். அதைத் 'தாழ் அதிர்வெண் வடிப்பி' என்று சுருக்கினால், தாழ்ந்தது வெளியே வருமா, வடிந்து போகுமா என்று படிப்பவர் திணறுவார். நன்னூல் கடைமாணாக்கருக்கு உவமை சொல்லும் நெய்யரியை நினைத்துக்கொள்ளுங்கள்: அது நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். எதை விடுகிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே 'தாழ் அதிர்வெண் கடத்தும் வடிப்பி' என்று முழுதாக எழுதுங்கள். அப்புறம் அந்த மின்தடையையும் மின்தேக்கியையும் இடம் மாற்றிச் செருகினால், அதே பலகையில் உயர் அதிர்வெண் கடத்தும் வடிப்பி தயார்.