நான்கு வெள்ளி அணுக்கள்: பிலிமா, டிஜிட்டலா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முன்னோரை வழிபடும் படைப்பு வருகிறது; அதற்குப் பங்காளிகள் அனைவரும் பெரிய வீட்டில் கூடவிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தையும், இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று சொல்ல முடியாத அந்த வீட்டையும் படமெடுத்து வைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவருடைய ஐயா பினாங்கிலிருந்து வாங்கி வந்த பிலிம் கேமரா பெட்டகத்தில் இருக்கிறது, ஷட்டரும் ஓடுகிறது. அதில் ரோல் போட்டு எடுப்பதா, டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கிவிடுவதா என்பதே கேள்வி. வீட்டில் கேட்டபோது இளையவர்கள் பிலிம் என்றும் பெரியவர்கள் டிஜிட்டல் என்றும் சொன்னார்களாம்.

விலை, வசதி, ரசனை ஆகியவற்றை வைத்து இதற்குப் பதில் சொல்பவர்கள் பலர் உண்டு. கேமராவுக்குள் ஒளி என்ன ஆகிறது என்பதை வைத்துப் பதில் தேடினால், எந்த இடத்தில் எது உதவும், எது கைவிடும் என்பது தானாகவே விளங்கிவிடும். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். ஒளித்துகள் ஒரு படிகத்தில் விழுந்து, அங்கே கட்டுண்டிருக்கும் எலக்ட்ரான் ஒன்றை விடுவிக்கிறது. விடுபட்ட எலக்ட்ரானை டிஜிட்டல் கேமரா எண்ணிக் கணக்கு வைக்கிறது. பிலிமோ அதைக் கொண்டு உலோகம் செய்கிறது.

டிஜிட்டல் பக்கத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வடிவமைத்த சிசிடி என்னும் சிலிக்கான் சில்லு, 1990-களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசமும் அவருடைய குழுவினரும் வளர்த்தெடுத்த சிமாஸ் என்னும் ஒளி உணரி ஆகியவற்றின் வழி வந்ததுதான் இன்று நம் கைப்பேசியில் இருப்பதும். சிலிக்கானில் விழும் ஒளி விடுவிக்கும் எலக்ட்ரான்கள் ஒவ்வொரு பிக்சலிலும் சேர்கின்றன. ஷட்டர் மூடியதும் அந்த மின்னூட்டம் மின்னழுத்தமாகவும், பிறகு எண்ணாகவும் மாற்றப்படுகிறது. ஒளி இரு மடங்கானால் எண்ணும் இரு மடங்காகும். குடம் நிறைந்த பிறகு ஊற்றும் நீர் வீணாவதைப்போல, பிக்சல் நிறைந்த பிறகு வரும் ஒளி கணக்கில் ஏறுவதில்லை. சிலிக்கானுக்கு நிறம் தெரியாது என்பதால், பிக்சல்களின்மீது பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம் என்ற கணக்கில் வடிகட்டிகளைப் பதிக்கிறார்கள். 1976-இல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற முறை இது.

பிலிமின் கதையை அவ்வளவு விரைவாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பிலிமின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின் படலம். அதற்குள் சில்வர் புரோமைடு படிகங்கள் கோடிக்கணக்கில் புதைந்திருக்கின்றன. ஒரு படிகத்தின் பக்கம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், அதற்குள் சுமார் 2,000 கோடி வெள்ளி அயனிகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தத்தம் இடத்தில் நிற்க, ஒரு சில மட்டும் இடத்தைவிட்டு விலகி இடுக்குகளில் அலைந்துகொண்டிருக்கும். ஒளி பட்டதும் புரோமைடு அயனியிலிருந்து ஓர் எலக்ட்ரான் விடுபட்டு, படிகத்துக்குள் ஓடி, மேற்பரப்பில் உள்ள ஏதாவதொரு குறைபாட்டுப் புள்ளியில் மாட்டிக்கொள்கிறது. அந்தப் புள்ளி அதனால் எதிர்மின்னூட்டம் பெற்று, அலையும் வெள்ளி அயனி ஒன்றைத் தன்பக்கம் இழுக்கிறது. அயனியும் எலக்ட்ரானும் சேர்ந்தால் வெள்ளி அணு ஒன்று பிறக்கிறது. மறுபடி ஓர் எலக்ட்ரான், மறுபடி ஓர் அயனி, இரண்டாவது அணு. இப்படியே மூன்று, நான்கு. 1938-இல் ரொனால்ட் கர்னியும் நெவில் மாட்டும் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இது. ஏறத்தாழ நான்கு அணுக்கள் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் அந்தப் படிகம் 'படம் பிடித்த' படிகம் ஆகிவிடுகிறது. எந்த நுண்ணோக்கி கொண்டு தேடினாலும் படிகத்தில் படம் தெரியாது. ஆனால் படம் அங்கே இருக்கிறது.

பிலிம் கழுவும்போது நடப்பது இதைவிட வியப்பானது. கழுவும் கரைசலான டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுவினோன் போன்ற சேர்மம் எலக்ட்ரான்களைக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. ஆனால் எல்லாப் படிகங்களுக்கும் ஒரே வேகத்தில் கொடுப்பதில்லை. நான்கு அணு கொண்ட வெள்ளித் துகள் எங்கே இருக்கிறதோ, அங்கே அது நுண்ணிய மின்முனையாகச் செயல்பட்டு எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. படிகத்தின் அயனிகள் ஒவ்வொன்றாக அங்கே வந்து உலோகமாகின்றன. துகள் வளர வளர வேகமும் கூடுகிறது. ஒளி செய்து வைத்தது நான்கு அணு. நான்கு அணுக்கள் அடையாளம் காட்டியதால் 2,000 கோடி அயனிகளும் கறுப்பு வெள்ளியாக மாறிவிடுகின்றன. அடையாளம் பெறாத படிகங்களை அடுத்து ஊற்றும் ஹைப்போ என்னும் கரைசல் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. சில நிமிட நேரத்தில், ஒரு கிண்ணத்தில், பல நூறு கோடி மடங்கு பெருக்கம் நடந்து முடிகிறது. எந்தப் பெருக்கிச் சுற்றும் இதில் இல்லை, வெறும் மின்வேதியியல்.

இந்த நான்கு அணுக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பிலிமின் குணங்கள் பலவும் விளங்கும். செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், நண்பகலில் நின்று பாருங்கள். திறந்த முற்றத்தில் நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குக் கொட்டுகிறது. இரண்டாம் கட்டைத் தாண்டிய உள்ளறையில் நூறு லக்ஸ்கூட இருப்பதில்லை. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டை ஒரே படத்துக்குள் அடக்குவதுதான் அங்கே படமெடுப்பவரின் தலைவலி. பிலிமில் ஒவ்வொரு படிகமும் ஒருமுறைதான் 'ஆம்' சொல்ல முடியும். ஒளி மிகுந்த இடத்தில் பெரும்பாலான படிகங்கள் ஏற்கெனவே 'ஆம்' சொல்லிவிட்டிருக்க, மேலும் வரும் ஒளிக்குப் புதிய படிகங்கள் அரிதாகவே கிடைக்கின்றன. சிறிய, மந்தமான படிகங்கள் கடைசியில்தான் விழித்துக்கொள்கின்றன. எனவே நெகட்டிவில் வெளிச்சப் பகுதி சட்டென்று முடிந்துபோகாமல் மெல்ல மெல்ல நிறைவை நோக்கிச் சாய்கிறது. முற்றத்துத் தூணில் விழும் வெயில், வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், அதற்கு மேலே மேகம் ஆகிய மூன்றும் தனித்தனியே தெரிவது இதனால்தான். டிஜிட்டலில் பிக்சல் நிறைந்ததும் மூன்றும் ஒரே வெற்று வெள்ளையாகிவிடும். ஆகவே நெகட்டிவ் பிலிமில் நிழல் பகுதியின் ஒளியை அளந்து எடுக்க வேண்டும். டிஜிட்டலில் வெளிச்சப் பகுதியின் ஒளியை அளந்து, உணரி தந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமித்து, நிழலைப் பின்னால் தூக்கிக்கொள்ள வேண்டும். நல்ல முழுச்சட்ட உணரிகள் இன்று 14 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியில் இரு மடங்கு) வரை தாங்குகின்றன என்பதால், அளவு அறிந்து எடுப்பவருக்கு டிஜிட்டல் இதில் ஒன்றும் குறைந்ததன்று.

அதே வீட்டில் பொழுது சாய்ந்தபின் நிலைமை தலைகீழாகிவிடும். தனியாக நிற்கும் ஒற்றை வெள்ளி அணு நிலைத்தன்மை இல்லாதது; சில நொடிகளில் எலக்ட்ரானை இழந்து மறுபடி அயனியாகிவிடும். மங்கிய ஒளியில் இரண்டாவது எலக்ட்ரான் வந்து சேருமுன் முதல் அணு சிதைந்துவிடுவதால் பிலிம் தன் வேகத்தை இழக்கிறது. ஒளியளவி 10 நொடி என்று காட்டினால், பல ரோல்களில் அதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ திறந்து வைக்க வேண்டியிருக்கும். சிலிக்கானில் சேர்ந்த எலக்ட்ரான் பத்து நொடி ஆனாலும் அங்கேயே இருக்கும். மேலும், விழும் ஒளித்துகள்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இன்றைய உணரிகள் எண்ணிவிடுகின்றன. பிலிம் பயன்படுத்திக்கொள்வது சில விழுக்காடுதான். குத்துவிளக்கு வெளிச்சத்தில் நடக்கும் பூசையைப் பிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டுமென்றால் போட்டிக்கே இடமில்லை.

பிலிமுக்கு மற்றொரு குணமும் உண்டு. சில்வர் புரோமைடு இயல்பாக நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே கண் திறக்கும். 1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயங்களைச் சேர்த்து அதற்குப் பச்சையும் தெரியும்படி செய்தார். சிவப்பு நன்கு தெரியும் பிலிம் பரவலாக வருவதற்கு மேலும் பல்லாண்டுகள் ஆயின. வளவுச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களைக் கிட்டப்போய்ப் பார்த்தால், ஆச்சிமார் நெற்றியில் குங்குமப் பொட்டு மைப்பொட்டைப்போலக் கன்னங்கரேலென்று இருப்பதும், கெம்புக் கற்கள் கரித்துண்டுகளாகத் தெரிவதும் இதனால்தான்.

படிகத்தில் எலக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் 'குறைபாட்டுப் புள்ளி' என்றேனே, அது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சில ஜெலட்டின் சரக்குகளில் செய்த பிலிம் வேகமாகவும், வேறு சிலவற்றில் செய்தது மந்தமாகவும் இருந்ததற்குக் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1920-களில் கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் அதைத் துருவிப் பார்த்தபோது, ஜெலட்டினில் நுண்ணளவில் கலந்திருந்த கந்தகச் சேர்மங்களே காரணம் என்று தெரியவந்தது. ஜெலட்டின் மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது; மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து வந்தது கந்தகம். அந்தக் கந்தகம் படிகத்தின்மேல் சில்வர் சல்பைடு புள்ளிகளாகப் படிந்து எலக்ட்ரானுக்குப் பொறியாக அமைந்தது. நாம் தாளிக்கும் கடுகின் காரத்துக்கும் அதே வகைக் கந்தகச் சேர்மந்தான் காரணம்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்கும் பிலிமுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் மானியம் கேட்டு விண்ணப்பித்தால், இன்று நம் நாட்டில் எத்தனை குழுக்கள் அதற்குப் பணம் ஒதுக்கும்? காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமான செக்ரி திறக்கப்பட்டது. மின்முனையில் எலக்ட்ரான் கைமாறுவதை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் வேண்டும் என்று ஒரு வணிகர் நம்பியிருக்கிறார். உடனடிப் பலனை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்னும் இன்றைய வழக்கம் அந்த நம்பிக்கைக்கு நேர்மாறானது என்பது என் கருத்து. ஆய்வு மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். அதே நிறுவனம் 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரியது.

மூவர் சேர்ந்து நின்று படமெடுத்துக்கொண்டால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது, அடிக்கடி படமெடுத்தால் ஆயுள் குறையும் என்றெல்லாம் நம்பியவர்கள் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். படிகத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் ஒளி, எதிரே நிற்பவரிடமிருந்து எதையும் பிடுங்குவதில்லை. அவர்மேல் பட்டுத் திரும்பிய வெயில்தான் அது. பிலிமில் உயிர் இருக்கிறது, டிஜிட்டலில் இல்லை என்று இப்போது இளைஞர்கள் சொல்வதையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். அவர்கள் ரசிப்பது உண்மையான ஒன்றைத்தான்: ஒழுங்கின்றிச் சிதறிய படிகங்களின் மணல்தன்மை, வெளிச்சப் பகுதியின் மென்மையான சரிவு, சாயங்களின் நிறச்சாய்வு. இவை மூன்றுமே அளந்து வரைபடத்தில் போடத்தக்கவை. படிகங்கள் சிதறிக் கிடப்பதால், கண்டாங்கிச் சேலையின் நெருக்கமான இழைகளை எடுக்கும்போது சில டிஜிட்டல் படங்களில் நெளியும் பொய்யான அலைக்கோடுகள் பிலிமில் வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வாசகருக்கு என் பதில் இதுதான். படைப்பு நாளன்று டிஜிட்டலில் எடுங்கள். விளக்கு வெளிச்சம், ஓடியாடும் குழந்தைகள், மறுபடி கூட்ட முடியாத உறவினர்கள் எல்லாம் 36 படங்களுக்குள் அடங்குபவை அல்ல. கண்ணை மூடிவிட்டவர் யார் என்று அங்கேயே பார்த்து, மறுபடி நிற்கச் சொல்லவும் வேண்டும். கூட்டம் கலைந்தபின், வீட்டை மட்டும், காலை வெயிலில், முக்காலி வைத்து, ஒரு கறுப்பு வெள்ளை ரோலில் நிதானமாக எடுங்கள். அதற்கு முன்பு சோதனை ரோல் ஒன்றைப் போட்டுக் கழுவிப் பார்த்துவிடுவது நல்லது. பழைய கேமராவின் பின்மூடியில் ஒளி புகாதிருக்க ஒட்டிய நுரைப்பஞ்சு பொடிந்திருக்கும். லென்சுக்குள் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படர்ந்திருக்கக்கூடும். ஒளியளவி அந்நாளைய 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கென்று அமைந்ததாக இருந்தால், இப்போது கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரி போட்டவுடன் தவறான அளவைக் காட்டும். வாங்கிய ரோலை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். வெப்பம், ஒளி படாத படிகங்களையும் ஒளி பட்டவைபோல ஆக்கிவிடும்.

எடுத்த பின் காப்பாற்றுவதில் இரண்டுக்கும் வெவ்வேறு பகைவர்கள். டிஜிட்டல் கோப்பு தேய்வதில்லை; வன்தட்டு ஒருநாள் முன்னறிவிப்பின்றிச் செத்துப்போகும், ஆகவே இரண்டு வீடுகளில் இரண்டு நகல்களாவது இருக்க வேண்டும். வண்ண நெகட்டிவின் சாயம் ஆண்டுக்கு ஆண்டு மங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது உலோக வெள்ளி என்பதால் அது நீண்ட நாள் வாழும். ஆனாலும் அதற்கும் நோய் உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் பழைய படத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால், கறுப்புக் கோட்டின்மீதும் ஓரங்களிலும் நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு ஒன்று தெரியும். காற்றும் ஈரமும் வெள்ளியை மறுபடி அயனியாக்க, அந்த அயனிகள் ஜெலட்டின் வழியே மேலேறி, மேற்பரப்பில் திரும்பவும் உலோகமாகப் படிந்திருப்பதே அது. துடைத்தால் போகாது, படந்தான் கீறும். அத்தகைய படங்களை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து டிஜிட்டல் கேமராவால் நகலெடுத்துக்கொள்ளுங்கள். படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாமல் கண்ணாடிக்கு மேலிருந்தே எடுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியைப் பற்றிக்கொண்டிருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடும் தாள் கையோடும் வந்துவிடும்.