விட்டுக்கொடுப்பவர் எதைக் கொடுக்கிறார்?

‘விட்டுக்கொடுத்தேன்’ என்று சொல்லும்போது நாம் யாருக்கும் எந்தப் பொருளையும் எடுத்து நீட்டுவதில்லை. விடுதலும் கொடுத்தலும் கூடி மூன்றாவதாக ஒரு பொருள் பிறந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘கிவ் இன்’. அங்கும் ‘கிவ்’ என்றால் கொடு. ‘புட்’ என்றால் போடு, வை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ஒத்திவை. ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். பேசிவைத்துக்கொண்டதுபோல் இருக்கிறது!

இந்தக் கூட்டுவினைகளை ஆங்கிலத்தில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்பார்கள். பொருளைத் திருப்ப நாம் இன்னொரு வினையைத் துணைக்கு அழைக்கிறோம். அவர்கள் மேலே, உள்ளே, அப்பால் என்று திசை காட்டும் சிறுசொற்களை அழைக்கிறார்கள். ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ ஆகியவற்றில் உள்ள ‘அப்’ மேல்நோக்கி எதையும் காட்டவில்லை. சாப்பிட்டுவிடு, தீர்த்துவிடு என்பவற்றில் ‘விடு’ செய்யும் வேலையை, அதாவது செயல் மிச்சமின்றி முடிவதைக் காட்டும் வேலையைச் செய்கிறது. எல்லா ‘அப்’பும் இப்படி அடங்காது என்பது வேறு விஷயம்.

பள்ளியில் ஆங்கிலம் படித்த நமக்கு ‘போஸ்ட்போன்’ தெரியும். ‘புட் ஆஃப்’ தடுக்கும். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையில் பிரெஞ்சு அமர்ந்தது. கல்வியின் மொழி லத்தீன். அவ்வழி வந்த சொற்கள் ஏட்டில் ஏறின. ஜெர்மானிய வேர்கொண்ட குட்டிச்சொற்களோ அடுப்படிப் பேச்சில் செழித்தன. நம் பாடநூல்கள் ஏட்டையே ஊட்டின.

‘அப்’ சேர்ந்த ஐம்பதை ஒரே இரவில் உருப்போடுவது வீண்வேலை. ஒன்றுபோல் இருப்பவை நினைவில் ஒன்றையொன்று இடறும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம் மறதியை அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் ஒரு மணி நேரத்தில் பாய்ந்து வருகிறது. ஒரு நாளுக்குப் பின் ஊர்கிறது. இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த உழைப்பே போதும் என்றும் கண்டார். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற அறிவியல் எழுத்தாளர் இதை ஒரு பெட்டியாக்கினார். ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய அட்டைகள் அதன் அறைகளில் நிற்கும். விடை சரியென்றால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். அந்த அறையின் முறை தாமதமாக வரும். தவறினால் மீண்டும் முதல் அறை. விடையைப் பார்க்காமல் நினைவைத் துழாவும் அந்தச் சில நொடிகளில்தான் சொல் ஆழமாகப் பதிகிறது. திரும்பத் திரும்ப வாசிப்பது தெரிந்ததுபோன்ற மயக்கத்தையே தரும்.

அட்டையில் முழு வாக்கியமாக எழுதுவது நல்லது, ஏனென்றால் ஓரிடத்தில் தமிழ் கைகொடுக்காது. ‘தள்ளிப்போடு’ என்பதன் நடுவே ‘ஏ’ போன்ற இடைச்சொல்தான் நுழையும்: தள்ளியே போட்டார். ஆங்கிலமோ செயப்படுபொருளையே நடுவில் உட்காரவைக்கும். ‘அதைத் தள்ளிப்போடு’ என்பதற்கு ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ பிழை. ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ யாரையும் உள்ளே விடாது. அங்கே ‘இட்’ வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.